கேப்டன் பெண் என்றால் நம்ப முடியாதாம்

அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. அதனால் கையோடு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்வி அக்கா நடத்தும் நெட் சென்டர். இன்று புதிதாக ஒரு விண்வெளி கேம் ஏற்றியிருந்தார். கப்பலின் கேப்டன் ஆணா பெண்ணா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் பெண்ணை வைத்தேன்.

பின்னால் நின்ற அக்கா, “ஆம்பளைய வையி தம்பி. பொம்பள சொன்னா அத்தன பேரும் கேப்பாங்களா? நம்புற மாதிரியே இல்ல” என்றார்.

திரையில் ஐந்து கண்ணும் வாலுமாக ஒரு ஜந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“இத மட்டும் நம்புறீங்களாக்கா?”

“அது வேற கிரகம்ப்பா. அங்க எப்படி வேணா இருக்கும்.”

அப்போது போன் அடித்தது. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. காலையில் கொடுத்த கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதா, சார் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

“சார் இப்பதான் வெளிய போனாருங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருவாரு.”

போனை வைத்ததும் அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அந்த சிபியுவைத் திறந்து, உள்ளே அப்பிக் கிடந்த களிமண் தூசியை பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தார்.

சார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சிங்கப்பூர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

“நாந்தான் சரி பண்றேன்னு சொல்லிட்டா என்னக்கா?”

“சொன்னா மிஷின குடுக்க மாட்டாங்க தம்பி. நம்பணுமில்ல?” தலை நிமிராமலே சொன்னார்.



உங்கள் ஊரிலும் இப்படி சிங்கப்பூரில் இருந்துகொண்டே ரிப்பேர் பார்க்கிற சார் யாராவது உண்டா, சொல்லுங்கள்.