இடப்பக்கத்து சீட்

வைரவநாதன் முதலாளி, இராமையாவுக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. வட்டி பேசவில்லை, கடதாசி எழுதவில்லை. வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய இராமையா, தொண்ணூற்றாறில் வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை முடிச்சவிழ்க்காமல் கொண்டுவந்து, பக்கத்து லயத்து வரிசை வீட்டு வைரவனிடம் கொடுத்தார். அந்தப் பணத்தை முற்பணமாகக் கட்டித்தான் முதல் லொறி வந்தது. மூன்று வருடத்தில் இராமையா நெஞ்சுவலியில் போய்விட்டார். கேட்க ஆளில்லை, பணமும் திரும்பவில்லை.

அந்த ஒன்றைத் தவிர்த்தால், முதலாளியைப் போல உழைத்த ஒருவனை இந்த ஊவா மாகாணத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். படிப்பு நாலாம் வகுப்பு. வெலிமடை உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாய்த் தன் முதுகிலேயே ஏற்றி இறக்கினார். ஒரு லொறி நாலாயிற்று. பதுளையில் ஹாட்வெயார் கடை வந்தது. பசறையில் கிளை வந்தது. லயத்தில் வெறும் வைரவனாக இருந்தவர் கடைப் பலகையில் ‘நாதன்’ சேர்த்துக்கொண்டார். உழைத்தவன் சேர்த்துக்கொள்வான், யாருக்கு என்ன? கல்யாண வீடோ சாவு வீடோ, இதைச் சொல்லாமல் எழும்ப மாட்டார்: “நான் எவனுக்கும் ஒரு சதம் பாக்கி வச்சதில்ல.”

அறுபத்தைந்தாம் வயதில் கொழும்புக்குப் போய் அந்தக் காரை வாங்கி வந்தார். ஜெர்மன்காரன் செய்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, சாம்பல் நிறம். சாமான் வைக்கும் இடம் முன்னால், என்ஜின் பின்னால். நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட நாலு செக்கன். ஸ்டார்ட் செய்தால் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்து ஏறுவது போலிருக்கும். லயத்தில் பிறந்த எவன் இப்படி ஒரு காரில் பதுளைக்குள் வந்திறங்கினான், சொல்லுங்கள்!

ஆனால் பசறை ரோட்டின் வளைந்து நெளியும் முடக்குகளில் அந்த வேகத்துக்கு ஏது இடம்? பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருள வேண்டும். கண்டக்டர் முன்ஸிப் புட்போர்டில் தொங்கிக்கொண்டு கத்துவான்.

“முதலாளி, கயிறு தரவா? கட்டி இழுத்துட்டுப் போறேன்!”

“போடா டேய்! ஒன் பஸ்ஸ வாங்கிக் கோழிக்கூடு கட்டிருவேன்!”

கிளைக் கடையைப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பசறைக்குப் போவார். கார் வந்த இரண்டாவது மாதம், பனிமூட்டம் போட்ட ஒரு வெள்ளி. பதுளை பஸ் நிலையத்தைத் தாண்டியதும் காருக்குள் மணி அடித்தது. டிங், டிங், டிங். மீற்றரில் சிவப்பு விளக்கு. இடப்பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். ஆள் பாரம் விழுந்தால்தான் அந்த மணி அடிக்கும். சீட்டிலோ ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

வழி முழுக்க அடித்தது. வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் தானாக நின்றது.

அடுத்த வெள்ளியும் பஸ் நிலையத்தில் தொடங்கி அதே முடக்கில் நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. யாரோ ஏறி, யாரோ இறங்குவது போல. திரும்பி வரும்போது சத்தமே இருக்காது.

பண்டாரவளை மெக்கானிக் றுஷ்தி கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான்.

“ஒரு பிழையும் இல்ல முதலாளி. ஆள் இருந்தா அடிக்குது. சரியாத்தானே வேல செய்யுது?”

“ஆள் இல்லாமத்தாண்டா அடிக்குது!”

“ஆள் இல்லேன்னு ஒங்களுக்குத் தெரியும். காருக்குத் தெரியலியே.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. “வயரப் புடுங்கு.”

றுஷ்தி சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பஸ் நிலையம் வந்தது. டிங், டிங், டிங்.

முதலாளி காரை ஓரம் கட்டினார். எட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். மணி நின்றது. ‘அப்பாடா’ என்று மறுபடி ஓட்டினார். இரண்டு முடக்கு தாண்டித் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்.

வெறும் சீட்டில் பெல்ட் ஒட்டிக் கிடக்க வேண்டும். அது ஒரு சாண் முன்னால் விலகி, வளைந்து நின்றது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. மூச்சு விடுகிற நெஞ்சின் மேல் கிடப்பது போல.

வெள்ளைப்பாறை முடக்கில் கொக்கி ‘க்ளிக்’ என்று கழன்றது. பெல்ட் சுருண்டு உள்ளே போயிற்று. கதவு திறக்கவில்லை.

அன்று இரா முழுக்க அவருக்கு ஒரே யோசனை. காரை விற்றுவிடலாம். ஆனால் ஏறுகிறவன் காருக்காகவா ஏறுகிறான்? காரை விற்றால் லொறியில் ஏறுவான். லொறியை விற்றால் வீட்டுக்கு வருவான். இதை முடிக்காமல் இன்னொரு வெள்ளி அந்த ரோட்டில் உயிரோடு போய்வர முடியாது. சொன்னால் நம்புங்கள், எவனுக்கும் பயப்படாத மனிதர் அவர்.

சனிக்கிழமை காலை பையில் பத்து லட்சம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தோட்டத்துக் கல் ரோட்டில் அந்தக் காருக்கு வயிறு இடிக்கும். முடக்கிலேயே விட்டுவிட்டு, மூட்டத்துக்குள் நடந்தே மேலே ஏறினார். இராமையாவின் பெண்சாதி நல்லம்மா லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்பது தாண்டிவிட்டது.

“மதினி, நான் வைரவன்.” ‘நாதன்’ வாயில் வரவில்லை.

“தெரியுது தம்பி. ஒக்காருங்க.”

“அண்ணன் பணம்...”

“சாகுற வரைக்கும் வெள்ளிக்கிழமையானா பதுளைக்குப் போவாரு. பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒங்க லொறியப் பாத்துக்கிட்டே இருப்பாரு. கேக்க வெக்கம். அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து முடக்குல எறங்கிருவாரு.”

முதலாளி பையை அவள் பக்கம் தள்ளினார். “பத்து லட்சம் இருக்கு மதினி. எல்லாம் ஒங்களுக்குத்தான்.”

“அவரு குடுத்தது நாப்பத்திரெண்டு. அதக் குடுங்க.”

“இன்னைக்கு அதெல்லாம் ஒரு காசா மதினி? என் தகுதிக்கு...”

“ஒங்க தகுதி ஒங்களோட. மிச்சத்த வாங்கினா நான் கடன்காரி ஆயிருவேன். ஒங்களப் பாக்க பஸ் ஏறி வந்து நிக்க எனக்குத் தெம்பில்ல.”

அவர் ஐயாயிரம் தாள் எட்டும் ஆயிரம் தாள் இரண்டும் பிரித்தெடுத்தார். நல்லம்மா வலக்கையைச் சேலையில் துடைத்து விரித்து நீட்டினாள். பார்வை அவர் முகத்தில் இல்லை; அவருடைய இடத்தோளுக்குப் பின்னால் இருந்தது.

“சத்தமா எண்ணுங்க தம்பி. அவருக்குக் காது மந்தம்.”

முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.

“அஞ்சு,” என்றார். அது அவருக்கே கேட்கவில்லை. லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி மறுபடி தொடங்கினார். “அஞ்சு! பத்து! பதினஞ்சு!” ஒவ்வொரு தாளாக அந்தச் சுருங்கிய உள்ளங்கையில் விழுந்தது. “நாப்பது! நாப்பத்தொண்ணு!” கடைசித் தாளை வைத்தார். “நாப்பத்திரெண்டு.”