பானட்டைத் திறக்காத வக்கீல்

"எந்த கியர்ல?" என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் அடுத்ததையும் போட்டுவிடுகிறார். "எஞ்சின் சூடா இருந்துச்சா, ஆறிப்போயிருந்துச்சா? ஏசி ஓடிச்சா? வண்டில எத்தனை பேரு?" வந்தவர் விழிக்கிறார். பானட் இன்னும் திறக்கப்படவில்லை. இப்போதைக்குத் திறக்கவும் மாட்டார்.

இந்த மெக்கானிக்குக்கு அந்தத் தெருவே வைத்த பெயர் வக்கீல். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. காதிடுக்கில் ஒரு குட்டைப் பென்சில். வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். பட்டறைக்கு மேல் மாடியில் தையல் மெஷின் ஓட்டும் அவர் மனைவிக்கு இந்த விசாரணை முப்பது வருடப் பழக்கம். "தலைவலின்னு சொன்னா மாத்திரையா எடுத்துக் குடுப்பாரு? மாடிப்படி ஏறும்போதா, இறங்கும்போதான்னு கேப்பாரு. பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தலைவலியே பயந்து ஓடிடும்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சின்ன வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். பக்கத்து இருக்கையில், கைப்பையை மடியில் அணைத்தபடி அவருடைய தங்கை. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுப் போட்டுவிடும் செவிலியர். கார் அவளுடையது. பேசியதென்னவோ அண்ணன்.

"ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒரு செகண்ட் திணறுது. பெட்ரோலை வேற தண்ணி மாதிரி குடிக்குது. ரெண்டு இடத்துல காட்டியாச்சு. பிளக்கு மாத்தினாங்க, ஃபில்டர் மாத்தினாங்க. வண்டில ஒண்ணுமில்லங்கறாங்க. இவளுக்கு ஓட்டத் தெரியல, அதான் விஷயம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா வித்துடலாம்னு இருக்கோம்."

"தினமும் ஓட்டுறது யாரு சார்?"

"அவதான்."

"அப்ப நீங்க கொஞ்சம் இறங்கிக்கோங்க."

அண்ணன் இறங்கினார். தங்கை ஸ்டியரிங்குக்கு மாறினாள். வக்கீல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அட்டையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள், மூன்றாவதில் மடை திறந்தாள்.

"கிளைத் தெருவுல இருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பினேன். லாரி தூரத்துலதான் வந்துச்சு. மிதிச்சேன். வண்டி நடுரோட்டுல நின்னு யோசிக்குது. ஹாரன் என் காதுக்குள்ளயே அடிச்சுது. அதுக்கப்புறம் சாவியை அண்ணன் வாங்கி வச்சுக்கிட்டார். பஸ்ல போறேன். ஆனா ஊருக்கு மேல இருக்கிற மேட்டுக்கு பஸ் கிடையாது. அங்க ஒரு தாத்தாவுக்குக் கால்ல புண்ணு. பதினோரு நாளாச்சு, கட்டு மாத்தல."

"கியர் போடாம நிக்கிறப்ப மிதிச்சா திணறுதா சிஸ்டர்?"

"இல்ல. அப்ப சமர்த்தா இருக்கு. அதனாலதான் நான் சொல்றதை யாரும் நம்பல."

பென்சில் நின்றது. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அதற்கப்புறம்தான் பானட் திறந்தது. முதலில் அவர் சந்தேகப்பட்டது எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரை. கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி அவளையே ஓட்டச் சொன்னார். மறுபடியும் திணறல். பரிசு விழுந்தவர் போலக் கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். "நான் நினைச்சது தப்பு!" அண்ணன் உச்சுக் கொட்டினார்.

மறுபடி பானட்டைத் திறந்தார். "பிரேக்கை நல்லா அழுத்திக்கோங்க சிஸ்டர். முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடுங்க." சொல்லிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று குனிந்து பார்த்தார். முன்னால் போக முடியாத எஞ்சின் முக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த மாத்திரத்தில், எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயின் அடிவயிற்றில் ஒரு விரிசல் மீன் வாய் போலத் திறந்து 'உஸ்'ஸென்றது. கிளட்சை மிதித்ததும் மூடிக்கொண்டது. விரிசல் இருந்த சுவடே தெரியவில்லை.

நான்கு தடவை செய்யச் சொன்னார். முதல் தடவையே போதும். மற்ற மூன்றும் அவருடைய ஆசைக்கு.

அண்ணனை விட்டுவிட்டு அவளிடம்தான் விளக்கினார். "சென்சார் அளந்து அனுப்புறது ஒரு காத்து. இந்த ஓட்டை வழியா திருட்டுத்தனமா நுழையறது இன்னொரு காத்து. எவ்வளவு பெட்ரோல் விடணும்னு கம்ப்யூட்டருக்குக் குழம்பிப்போகுது. வண்டி திணறுது. நீங்க பயந்து இன்னும் அழுத்துறீங்க. அது குடிக்காம என்ன செய்யும்?"

"அப்ப குழாயை மாத்திட்டா முடிஞ்சுது," என்றார் அண்ணன்.

"முடியல சார். குழாய் ஏன் கிழிஞ்சுது?" அதற்குள் வண்டிக்கு அடியில் பாதி உடம்பு போய்விட்டது. குரல் மட்டும் வந்தது. "எஞ்சினைத் தாங்குற ரப்பர் நைஞ்சு போச்சு. ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சின் புரண்டு படுத்து, குழாயைப் பிடிச்சு இழுத்திருக்கு. புதுசு போட்டாலும் இதே கதிதான்."

அவள் குனிந்து கேட்டாள். "அப்ப நான் ஓட்டினதுல ஒண்ணும்..."

அவர் வெளியே வந்து எழுந்து நின்றார். "எப்ப திணறும், எப்ப திணறாதுன்னு இவ்வளவு துல்லியமா எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஓட்டத் தெரியாதவங்களுக்கு அது வராது."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் துடைத்தாள். வக்கீல் கழற்றிக் கொடுத்த குழாயை அண்ணன் வாங்கி விரிசலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு நாள் ஓட்டிப் பாத்திருக்கணும்," என்று சொன்னது அவளுக்கும் கேட்டது.

புதுக் குழாயும் ரப்பரும் போட்ட காரை எடுக்க வியாழக்கிழமை அவள் தனியாக வந்தாள். கட்டுத்துணியும் மருந்தும் அடைத்த பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, "நேரா மேட்டுக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வக்கீல் பட்டறை வாசலுக்கு வெளியே போய் நின்றார். கார் தெருமுனை திரும்பி மறைந்தது.

அதற்குள் இன்னொருவர் வந்து முதுகுக்குப் பின்னால் தன் வண்டியின் கதையை ஆரம்பித்துவிட்டார். வக்கீல் திரும்பவில்லை. ஏற்றத்தில் தூரத்தே ஏறிக்கொண்டிருந்த காரின் சத்தத்தை நோக்கிக் காதைச் சாய்த்தபடி, 'கொஞ்சம் இருங்க' என்று ஒரு விரலை மட்டும் பின்னால் தூக்கிக் காட்டினார்.