மறுபக்கத்தில் போட்ட அளவு

ஒருவருக்கும் விளங்காத தமிழை எல்லாரும் ஏன் நல்ல தமிழ் என்று மெச்சுகிறார்கள்? தொண்ணூற்றிரண்டில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சோமசேகரத்துக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தமிழால் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. ஆகையால் கேள்வி அவருக்கு ஒரு கரைச்சலும் கொடுக்கவில்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொழும்பில் கிளாக்கர் வேலையை விட்டு, அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர் அவர். மற்றவர்கள் பிள்ளைகளையும் நகைகளையும் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். சோமசேகரத்துக்கு இரண்டும் இல்லாததால் அகராதியைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அறை எடுத்து, ‘சகல துறை மொழிபெயர்ப்பு’ என்று பலகை தொங்கவிட்டார். துறை எதுவாயிருந்தால் என்ன, இங்கிலிஷ் ஒன்றுதானே என்பது அவருடைய கொள்கை.

குருநகரில் ஒரு மீன்பிடிச் சங்கம் வள்ள இயந்திரத்தின் கைநூலைக் கொடுத்தது. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்பதை அவர் ஒரே வசனத்தில் எழுதினார். அதை வாசித்து முடிப்பதற்குள் வள்ளம் இந்தியாவுக்குப் போய்விடும். சங்கத்தார் தலையாட்டி வாங்கிக்கொண்டு போய், வழமைபோல இயந்திரத்துக்கு இரண்டு தட்டுத் தட்டிக் கிளப்பினார்கள். பிறகு ஒரு வேதக்கோயிலில் இருந்து, பெரிய வெள்ளிக்குப் போட ஒரு நாடகம் வந்தது. அதில் உரோமைச் சேவகன் யேசுவைப் பார்த்து, ‘தாங்கள் இத்தால் கைதுசெய்யப்படுகின்றீர்கள்’ என்று அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரிக் கதைத்தான். பெரிய வெள்ளியில் அந்தச் சனம் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஆனாலும் ஒருவரும் வந்து விளங்கவில்லை என்று சொல்லவில்லை. படித்த மனிசனிடம் அப்படிச் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. ‘ஓம்’ என்று தலையாட்டுவதுதான் மரியாதை. சோமசேகரம் அந்த ஓம்களைச் சேர்த்துச் சேர்த்தே நிபுணர் ஆனார்.

தொண்ணூற்றிரண்டில் அகதி முகாம்களில் வயிற்றோட்டம் பரவியது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் ஒரு பக்க இங்கிலிஷ் தாளை நிவாரண நிறுவனம் ஒன்று அவரிடம் தந்தது. ‘உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் பொருட்டு உரிய விகிதத்திற் கரைத்துப் பருகுவித்தல் சாலச் சிறந்ததாகும்’ என்று எழுதினார். இலக்கங்கள் நடுவில் வந்தால் வசனத்தின் ஓட்டம் கெடும் என்று, அளவுகளை மட்டும் தாளின் மறுபக்கத்தில் அடிக்குறிப்பாகப் போட்டார். நிறுவனத்தார் தமிழைப் பாராட்டி ஆயிரம் பிரதி அடித்தார்கள்.

இரண்டு கிழமையால், பிரசுரத்தின் பயன் பற்றி அறிக்கை வேண்டும் என்றார்கள். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சோமசேகரம் சைக்கிளில் போனார். மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் மூலையிலும் அவருடைய பிரசுரம் சுவரில் ஒட்டியிருந்தது. லூர்த்தம்மா என்ற தாய் அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு செவ்வரத்தம்பூவும் செருகியிருந்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“இதை வாசிச்சனீங்களோ?”

“ஓம் ஐயா. நல்ல தமிழ். பூசையிலை வாசிக்கிற மாதிரி.”

அப்போதுதான் பாயில் கிடந்த பிள்ளையைக் கண்டார். இரண்டு வயதிருக்கும். கண் குழிவிழுந்து, வாய் காய்ந்து, அழுதும் கண்ணீர் வராமல் கிடந்தது. மூன்று நாளாக வயிற்றாலை போகிறதாம்.

“அப்ப பிள்ளைக்குக் குடுத்தனீங்களோ?”

“என்னத்தை, ஐயா?”

தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போக விடியவிருந்து வாகனம் பார்க்கிறாளாம். எண்ணெய்த் தடையில் ஓடுகிற வாகனம் ஒன்றும் இல்லை. சோமசேகரம் உடனே அளவைச் சொல்ல வாயைத் திறந்தார். அளவு வரவில்லை. சாலச் சிறந்ததாகும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. பிரசுரத்தை உரித்துப் பார்த்தார். கஞ்சிப்பசை அவரைவிடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருந்தது. தாள் கிழிந்து மறுபக்கம் சுவரோடேயே போய்விட்டது. பக்கத்து மூலை, அடுத்த மூலை, எல்லாம் அப்படித்தான். ஆயிரம் பிரதியின் அளவும் சுவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அறைக்கு இரண்டு மைல். இங்கிலிஷ் மூலத் தாளை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

“லீற்றர் எண்டால் எந்தப் போத்தல்?” என்று கேட்டாள் லூர்த்தம்மா. அவள் அவரை மறித்துக் கேட்ட முதல் கேள்வி அது.

அகராதியில் போத்தல் இல்லை. அவள் ஒரு வெறும் சாராயப் போத்தலை எடுத்து வந்தாள். லேபிளைப் பார்த்து முக்கால் லீற்றர் என்றார். அப்படியானால் ஒரு போத்தலும் பிறகு அதிலே மூன்றிலொன்றும் என்று அவளே கணக்குப் பார்த்தாள். கரண்டியைக் கத்தி முதுகால் வழித்து மட்டமாக்கினாள். பங்கீட்டுச் சீனி அதோடு தீர்ந்தது. உப்புக் கூடிவிட்டதோ என்று எப்படி அறிவது என்றாள். சோமசேகரம் தாளைப் பார்த்தார். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. கண்ணீர் நாடகத் துறைக்குரிய சொல், மருத்துவத்துக்கு ஆகாது என்று தானே வெட்டிய வரி. தலை குனிந்தபடி வாசித்துச் சொன்னார்.

“உந்தக் கண்ணீர்க் கணக்கை முதலே எழுதியிருக்கலாமே, ஐயா,” என்றாள் அவள், நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டு.

முதல் கரண்டியைப் பிள்ளை சத்தியெடுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தாள். சோமசேகரம் அசையாமல் இருந்தார். அறிக்கைத் தாள் மடியில் வெறுமையாகக் கிடந்தது. வெயில் சாயும்போது பிள்ளை மூத்திரம் பெய்து தாயின் சீலையை நனைத்தது. பிறகு கண்ணீரோடு, ஊர் கேட்க அழுதது. வந்து பார்த்த மருத்துவிச்சி, இனிப் பயமில்லை, கொடுத்துக்கொண்டே இருங்கோ என்றாள்.

அடுத்த பிரசுரத்தை லூர்த்தம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதினார், ஒரே பக்கத்தில், போத்தலும் கண்ணீருமாக. தமிழ் தரம் குறைந்துவிட்டதென்று நிறுவனத்தார் கவலைப்பட்டார்கள். அதற்குப் பிறகு இயந்திரக் கைநூல் வந்தால் மெக்கானிக்கின் பட்டறைக்கும், நாடகம் வந்தால் ஒத்திகைக்கும் முதலில் போய்க் குந்தியிருப்பார். எழுதியதை வாசித்துக் காட்டி, ‘விளங்குதோ’ என்று கேட்கமாட்டார். ‘இப்ப என்ன செய்வியள்’ என்று கேட்பார். பலகையை மட்டும் கழற்றவில்லை. மனிசன்தானே.

இதை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத ஒருவருக்காவது சொல்லுங்கள். நான் எழுதிய மாதிரி வேண்டாம். நீங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.