மேலூரிலிருந்து வந்த தண்ணீர்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். கொல்லிமலையில், குண்டனி நாட்டிலுள்ள ஒரு சிற்றூருக்கு நான் மருமகளாக வந்த பிறகு கண்ட இரண்டாவது கோடை அது. அதே மலையில் நான் பிறந்த அரியூர் நாட்டில் எங்கள் வயலை ஒட்டியே ஓடை போகும். தண்ணீரை அளந்து புழங்கியதே இல்லை. வாக்கப்பட்ட ஊரிலோ மனிதருக்கும் மாட்டுக்கும் பாறையடியில் இருந்த ஒரே ஊற்றுதான். எங்களுக்கு மேலே இருந்த மேலூர்க்காரர்களும் அதையே நம்பியிருந்தார்கள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஊற்று நூலாக இறங்கியது. சண்டை வராமலிருக்க, ஒரு நாள் எங்கள் ஊர், மறுநாள் மேலூர் என்று முறை பிரித்திருந்தார்கள்.

வீட்டில் கணவர், அவருடைய அக்கா, நான். அக்காவை நங்கை என்று கூப்பிடுவேன். சிக்கனக்காரி. சாமை கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவியது அவரைக்கொடிக்கு என்று ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

எனக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. கணவர் மிளகு விற்கப் புளியஞ்சோலை வழியாகக் கீழே இறங்கியிருந்தார். பானையில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அன்று மேலூர் முறை. ஆனாலும் பிரசவ நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நங்கை விடியற்காலையில் போய் ஊற்றில் குடத்தை வைத்துவிட்டார்.

மேலூர்ப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். "உங்க மொறையில நாங்க வந்து மொண்டமா? எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு நாக்கு வறளாதா?" என்று கேட்டு, குடத்துத் தண்ணீரைத் தன் பானையில் ஊற்றிக்கொண்டாள்.

வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள் என்று நங்கை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. "இனிமே உங்க ஊருப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு, வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். அவர் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு வலி எடுத்துவிட்டது.

பக்கத்து வீட்டார் இருந்ததைக் கொடுத்தார்கள். எல்லார் வீட்டிலும் அடிப்பானைத் தண்ணீர்தான். வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த அம்மாள், "தண்ணி கொண்டாங்க, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிச் செம்பும் தீர்ந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டவில்லை, என்னைச் சுத்தம் செய்யவும் வழியில்லை. நங்கை வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். எந்த முகத்தோடு மேலூருக்குப் போய்க் கேட்பார்?

அடுத்த வீட்டுப் பெண் அவரிடம் சொல்லாமலேயே ஓடிப்போய் மேலூரில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சற்று நேரத்தில் தலையில் குடத்தோடு ஒருத்தி இறங்கி வந்தாள். காலையில் சண்டை போட்டவளேதான்!

"ஏனுங்க, காத்தாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? பச்சப்புள்ளைக்கு ஏதுங்க மொற?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். வீடு வீடாகச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். சிலர் குடத்தில், சிலர் சட்டியில், ஒருத்தி வெறும் ஒரு செம்பில் என்று கொண்டு வந்திருந்தார்கள். நங்கை, "உள்ள வாங்க சாமி" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெந்நீர் காய்ந்தது. என் மகள் முதல் குளியல் குளித்தாள். காலையில் சண்டை போட்ட அந்தப் பெண்ணே என்னைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, உடம்பில் வெந்நீர் விழுந்த சுகத்தை எப்படிச் சொல்வது! கொடுத்துவிட்டு உடனே போய்விடாமல் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்போது அவள்தான் சொன்னாள்: "பொழுது உழுந்தா கரடிக்குப் பயந்து ஊட்டுக்குள்ள அடஞ்சுக்கறோம். ஊத்து தூங்குதுங்களா? ராத்திரியெல்லாம் ஒழுகிப் பாறையிலயே காஞ்சு போவுது."

பகல் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட நாங்கள் இரவுத் தண்ணீரை நினைத்தே பார்க்கவில்லை. கணவர் திரும்பி வந்ததும் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். கல் அடுக்கி, களிமண் பூசி, ஊற்றுக்குக் கீழே ஒரு தொட்டி கட்டினார்கள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். நங்கையும் அந்தப் பெண்ணும் ஒரே கூடையில் மண் சுமந்தார்கள், பேச்சும் சிரிப்புமாக.

தொட்டியின் மண் காய்ந்து தண்ணீரை நிறுத்திய முதல் காலை, அது தளும்பி நின்றதாம். ஓடி வந்து சொன்னார்கள். முறை என்ற பேச்சே அதோடு போயிற்று. இரண்டு ஊரும் பங்கிட்டு மொண்டு, மழை வரும்வரை காலம் தள்ளினோம்.

அந்த மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவள் முதன்முதலில் குளித்த தண்ணீர், யாரோ சிலர் தம் பிள்ளைகளின் தாகத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், செம்பைச் சரிக்கும் என் கை தானாகவே நிதானப்படுகிறது.