கையைக் கட்டிக்கொண்டு வாங்கிய வெண்டைக்காய்

தோழிகளே, அடுத்த மாதம் மாட்ரிடில் இருக்கும் மகளிடம் போகிறேன். நம் கான்வென்ட் ஆங்கிலம் அங்கே கடைகளில் செல்லாதாம். என் கணவர் போன பிறகு காய் வாங்க நான் யாரையும் எதிர்பார்த்ததில்லை. அதனால் ஸ்பானிஷ் படிக்கிறேன்.

"மெதியோ கிலோ, போர் ஃபவோர்." அரைக் கிலோ, தயவுசெய்து.

நேற்று மகள் போனில் சொன்னாள்: "இங்க காயை நாம தொடக்கூடாதுங்கம்மா. கடைக்காரரே எடுத்துத் தருவாருங்க."

அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நுனி ஒடித்துப் பார்க்காமல் நான் வெண்டைக்காய் வாங்கியதே இல்லை.

இன்று ஒத்திகை பார்த்தேன். வழக்கமான கடையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அரைக் கிலோ வெண்டைக்காய், நீங்களே எடுத்துப் போடுங்க" என்றேன்.

கடைக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்கம்மா, கையில அடிபட்டுருச்சுங்களா?"

"இல்லை, பழகிக்கொள்கிறேன்."

"நீங்க ஒடிச்சுப்போட்டு வேண்டாம்னு ஒதுக்கி வெக்கறதுலதானுங்க எங்க ஊட்டுல கொழம்பே. இன்னிக்கு நாங்க என்ன பண்றது?"

வீட்டுக்கு வந்து ஒடித்துப் பார்த்தேன். ஒன்பது முற்றல். திரும்பப் போய்த் தமிழில் சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தேன்.

என் ஸ்பானிஷ் புத்தகத்தில் நன்றி சொல்ல நான்கு விதம் இருக்கிறது. "இது முற்றல், மாற்றிக் கொடுங்கள்" என்பதற்கு ஒரு வரி இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். மரியாதையான வாக்கியமே போதும். கோபத்தை நான் சேர்த்துக்கொள்கிறேன்.