வெள்ளிக்கிழமைகளில் நின்ற வண்டி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். தங்கை என்ற உரிமையில் முதலில் என்னைப் பேச விடுங்கள். அவர் இருந்த காலத்தில் நான் வாயைத் திறந்தாலே எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். இப்போது தப்ப முடியாது.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அண்ணன். எங்கள் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா எடுக்கும் கொழுந்தை நம்பி நாங்கள் இருவரும் வளர்ந்தோம். அண்ணன் லொறியில் கிளீனராக ஏறி, டயர் கழற்றி, தண்ணீர் சுமந்து, வசவெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு லைசென்ஸ் எடுத்தார். நான் கூடை தூக்காமல் பள்ளிக்கூடம் போனதும், இன்று தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதும் அவர் போட்ட பிச்சை.

இலங்கை சுதந்திரம் பெற்ற சமயத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருக்கு டிரைவர் வேலை கிடைத்தது. உலக யுத்தத்துக்கு முந்திய பழைய பிக்கப் வண்டி. தபாலும் அரிசி மூட்டையும் அதில்தான் வரும். பிரசவ வலி கண்ட பெண்களும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி யாரையாவது ஏற்றினால் பின்னால் சாக்கு விரித்து, அதன் மேல் தன் கம்பளியையும் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார். அவ்வாறு போய்ப் பிள்ளையோடு திரும்பிய தாய்மார் பலர் இன்று இந்த மலரை வாங்கியிருப்பீர்கள்.

அந்த வண்டி ஒரு வருடம் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. தோட்டத்தை விட்டு இறங்கும்போது ஒழுங்காக ஓடும். பாலத்தைத் தாண்டிய ஏற்றத்தில் இருமும், இழுக்கும், நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பிறகு சில நாட்களுக்கு ஒரு தொந்தரவும் இராது.

அண்ணன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். காபரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். கொயில் சூடேறிக் கெடுக்கிறதோ என்று ஈரத்துணி சுற்றிப் பார்த்தார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும் என்பார். புதன்கிழமைகளில் ஹட்டன் கராஜுக்குக் கொண்டு போவார். அங்கே அது சாதுவாக ஓடிக் காட்டும். கராஜ் மெக்கானிக்கான பாஸ் சிங்களவர், தம்பி என்ற பிரியத்தில் அண்ணனை 'மல்லி' என்று கூப்பிடுபவர். அவர் கையை விரித்துவிட்டார்.

"டிரைவர் மல்லி, இஞ்சின் ஹொந்தய். நல்லா இருக்கிற வண்டிக்கு நான் என்ன செய்ய?"

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்கோ வேறு சந்தேகம். டிரைவர் பெட்ரோலை வழியில் விற்றுவிட்டு, வண்டி நின்றதாகக் கதை கட்டுகிறார் என்று நினைத்தார். ஒரு சனிக்கிழமை அவரே வண்டியில் ஏறினார். அன்றும் ஏற்றத்தில் நின்றது.

"டேங்குல பெட்ரோல் இருக்கா, இல்ல எவனுக்காச்சும் ஊத்திட்டியா?"

"நீங்களே பாருங்கய்யா" என்று அண்ணன் மூடியைத் திறந்து காட்டினார். பெட்ரோல் இருந்தது. மறுபடி முடுக்கியதும் இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா! நான் கேட்டதும் வண்டிக்குக் குணமாயிருச்சு. யாருகிட்ட நடிக்கிற?"

விஷயம் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போயிற்று. இன்னொரு தரம் வண்டி நின்றால் வேலையை விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். திருடன் என்ற பேரோடு பத்துச்சீட்டு வாங்கியவரை வேறெந்தத் தோட்டம் சேர்க்கும்? லயத்து அறையும் போய்விடும். குடியுரிமைச் சட்டம் வந்து, நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியாமல் தவித்த நேரம் வேறு. எங்களுக்கு எங்கே போவது என்பதே கவலை. அண்ணனை வாட்டியது பேர்தான். "வேல போனாக்கூடப் பரவால்ல, திருடன்னு சொல்லிட்டாங்களே" என்று அன்று சோற்றைத் தொடவில்லை.

இங்கே என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் கல்யாணமாகி வந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் விடியலில் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவார். வண்டியில் பொட்டு கிட்டு எதுவும் கூடாதென்று துரையின் உத்தரவு. அதனால் அவர் கண்ணில் படாத பக்கமாக, பெட்ரோல் டேங்கின் மூடியில் அப்பி வைப்பார். "வண்டிக்கு வாயி அதுதானே" என்று காரணமும் சொல்வார். துரையின் மிரட்டலைக் கேட்டதும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டார். சந்தனமும் இரண்டு மடங்காயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமையே வண்டி நின்றது. நல்லவேளை, கூட யாரும் இல்லை. அண்ணன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து யோசித்தார். இதுவரை வெள்ளி, சனிகளில்தான் நின்றிருக்கிறது. இன்றைக்கு என்ன புதிது? எழுந்து போய் மூடியைத் திருகினார். காற்றும் மழையும் இல்லாத அன்றைக்குத்தான் ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தது. டேங்க் 'உஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

மூடியில் ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். சந்தனம் காய்ந்து அதை அடைத்திருந்தது. காற்றுப் போகாவிட்டால் பம்பினால் பெட்ரோலை இழுக்க முடியாது, இஞ்சின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால், அல்லது சற்று நேரம் விட்டுக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனால், எல்லாம் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை வைத்த சந்தனம் மழையில் கரைந்து புதன்கிழமைக்குள் ஓட்டை திறந்துகொள்ளும். பிறகு கராஜ் பாஸுக்கு எப்படி நோய் தெரியும்?

வேறொருவராக இருந்தால் மூடியைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். வண்டி ஓடும். ஆனால் திருடன் என்ற பேர் அப்படியே இருக்கும். அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமை, அண்ணி வைத்த சந்தனத்தோடு வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, துரையையும் கிளாக்கரையும் ஏறச் சொன்னார்.

"இன்னைக்கு வண்டி நிக்குங்க துரை. நின்னதும் கிளாக்கர் ஐயா எதை வேணும்னாலும் பாக்கட்டும். கடைசியா நான் ஒண்ணு செய்யிறேன்."

நின்றால் பத்துச்சீட்டு என்று சொன்னவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! பிற்பாடு இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்தக் கிளாக்கரேதான். ஏற்றத்தில் வண்டி நின்றது. கிளாக்கர் இஞ்சினைத் தட்டிப் பார்த்தார், முடுக்கிப் பார்த்தார், வேர்த்துப் போனார். அண்ணன் இறங்கி மூடியைத் திறந்தார். 'உஸ்' சத்தம் மூவருக்கும் கேட்டது. வண்டி கிளம்பியது. துரை மூடியை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"யார் பூசினது?"

உண்மையைச் சொன்னால் அண்ணியின் பேர் அன்றே செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டு வேலை போயிருக்கும்.

"நான்தாங்க துரை."

"நீ திருடன் இல்ல. மடையன்" என்றார் துரை. உத்தரவை மீறியதற்காக அண்ணனை வண்டியிலிருந்து இறக்கிப் புல்லுவெட்டுக்கு அனுப்பினார். அண்ணன் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மடையன் பட்டம் வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அண்ணிதான் அழுதார். "அப்புனவ நானு. நீங்க ஏன் வச்சதாச் சொன்னீங்க?"

"யாருக்காக வச்ச? எனக்காகத்தானே? அப்ப அது நான் வச்சதுதான்."

துரைக்கு வேறு டிரைவர் சரிப்படவில்லை. சில வாரங்களில் அண்ணனையே கூப்பிட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அண்ணி சந்தனக்கட்டை இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அண்ணனே எடுத்துக் கொடுத்து, "சீட்டுக்கு அடியில வையி. அங்க துரையும் பாக்க மாட்டாரு, வண்டியும் மூச்சு முட்டாது" என்றார்.

நெஞ்சு நோய் வந்து படுத்த பிறகும் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்களுக்கும், கராஜை மூடிவிட்டு லொறியோடு வந்து நின்ற பாஸுக்கும், தள்ளாத வயதிலும் பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்த பெரிய கிளாக்கருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இந்தக் கதையை அச்சில் போடலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அண்ணியிடம் வாசித்துக் காட்டி, சந்தனம் வைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் எழுது புள்ள. அவரு சொன்ன பொய்யி அது ஒண்ணுதான். அது எனக்குன்னு சொன்னது."