செல்வராசுவின் கோப்புறையில் இனி யாரும் கை வைக்க வேண்டாம்

செத்தவருக்குக் கணினியில் இடம் எதற்கு என்று, எங்கள் சங்க அலுவலகக் கிளாக்கர், செல்வராசுவின் கோப்புறையை அழித்துவிட்டார். அது தவறு.

இன்று காலை லெட்சுமி அக்கா வந்தார். நாளை ரப்பர் நடுவதற்காகத் தோட்டத்து மயானத்தில் மண் தோண்டும் பெக்கோ இறங்குகிறது. அங்கே கல்லறைக் கல் கிடையாது. அடையாளத்துக்கு நட்ட குரோட்டன் செடிகளும் காடாகிவிட்டன.

"எங்கப்பா எங்கங்க கெடக்காரு? எலும்பையாவது எடுத்துக்கிறேன்."

அடக்கப் பட்டியலுக்குப் புரோகிராம் எழுதியவர் செல்வராசு. கட்டளையைத் தட்டினேன். அது ஓடத் தேவையான லைப்ரரி கோப்பு ஒன்றைக் காணவில்லை என்றது. எந்தக் கோப்பை எங்கே தேடுகிறாய் என்று இன்னொரு கட்டளையில் கேட்டேன். மூன்று வருடம் முன்பு இறந்த செல்வராசுவின் கோப்புறையிலேயே தேடிக்கொண்டிருந்தது.

கிளாக்கர் சிரித்தார். "புதுசா ஒன்னு எழுதிக்கங்களேன் ஐயா."

நான் எழுதவில்லை. செல்வராசு பெயரிலேயே கோப்புறை திறந்து, பழைய சீடியில் இருந்த லைப்ரரியை அதில் வைத்தேன்.

உடனே திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "வாங்க, நான் செல்வராசு. யார தேடுறீங்க?"

அக்கா எழுந்துவிட்டார். "அவரயும் அங்கதானங்க பொதச்சோம்?"

அக்காவின் அப்பா மூன்றாம் வரிசையில் ஏழாவது. எட்டாவது செல்வராசு. அந்த எட்டாவது அடக்கத்தைப் பதிந்தவர் பெயரும் செல்வராசு.

தோட்ட மேனேஜர் தொரை, அக்கா எலும்பை எடுத்து முடிக்கும்வரை பெக்கோவை நிறுத்த வேண்டும். கிளாக்கர் கோப்புறையை விட்டு விலகி இருக்க வேண்டும். செல்வராசுவுக்குப் பிறகு அங்கே யாரையும் புதைக்கவில்லை; ஆனாலும் பட்டியலில் ஒன்பதாவது வரி இருக்கிறது. அந்தப் பெயரை நான் பார்க்கவில்லை. தைரியமுள்ளவர்கள் யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.